நாற்பத்தொரு மேற்படி, பூஜ்யம் பாலம்

முற்றுப்புள்ளியை ஜென்மப் பகையாளியாக நினைக்கிற ஒரே மனிதர் இந்த உலகத்தில் போடிநாயக்கனூரில்தான் இருக்கிறார். மூன்று பக்கம் எழுதுவார், நான்கு பக்கம் எழுதுவார். நடுவில் கால்புள்ளி வரும், 'என்பதாலும்' வரும், 'இது ஒருபுறமிருக்க' வரும். புள்ளி மட்டும் வராது. கடைசியில் 'இப்படிக்கு' என்று வந்தால்தான் அந்த வாக்கியத்துக்கே விமோசனம்.

மனு எழுதுவது அவர் தொழில். காதர் பாயின் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு மேசை, ஒரு தமிழ் டைப்ரைட்டர், முதுகில் கயிறு கட்டி நிறுத்திய நாற்காலி. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, பக்கத்து வீட்டுச் சேவல் மூன்று மணிக்கே கூவுவது என்று எந்தக் குறையோடு போனாலும் மூன்று பக்கம் நிச்சயம். அவருக்கென்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊருக்கு அவர் 'மேற்படியார்'. எழுத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது.

டீக்கடையில் நின்று அவர் பேசுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். "நேத்து நீ குடுத்த டீயில சீனி கம்மியா இருந்ததுனால, மேற்படி டீய நான் பாதியில வச்சுட்டுப் போனதுனால, இன்னிக்கு மேற்படி கொறயக் கொஞ்சம் கவனத்துல எடுத்துக்கிட்டு..." இதற்குள் கடைக்காரர் இரண்டு கரண்டி சீனி போட்டு, ஆற்றி, அவர் கையில் கொடுத்து, வேறு மூன்று பேருக்கும் டீ போட்டு முடித்திருப்பார்.

அவர் மனைவி பேச்சியம்மா சொன்ன கதை இதைவிடப் பிரமாதம். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்கப்பாகிட்ட, 'மேற்படிப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது'ன்னாரு. எங்கப்பா பதறிப்போயி, உள்ள வேற பொண்ணு எதுவும் நிக்குதான்னு திரும்பிப் பாத்தாரு."

நான் அப்போது காதர் பாய் கடைக்கு நேர் மேலே, மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேற்படியாரின் மேசையைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். "வணக்கம்ணே" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஏறிவிடுவது என் பழக்கம். நின்றால் முதல் பீரியட் போய்விடும்.

ஒருநாள் காலையில் ஏற முடியவில்லை. படியை மறித்துக்கொண்டு செல்லத்தாயி அக்கா நின்றிருந்தார். குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே முப்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பிலிருந்து வந்தவர். அந்த வீடுகளுக்கும் ஜீப் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை ஓடுகிறது. மழைக்காலத்தில் அது பெருகிவிட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம். குறுக்கே ஒரு பாலம் வேண்டும் என்று மேற்படியாரை வைத்து நான்கு மனு போட்டாயிற்று.

முதல் மனு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. அதில் செல்லத்தாயி அக்கா மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது, மேற்படியார் மேலும் சொல்ல முடியாது. அக்கா பல வருஷம் கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அங்கே ஓடைக்கு 'தோடு' என்று பெயர். "தோட்டுல தண்ணி வந்தா தாண்ட முடியலண்ணே, போன மாசம் ஒருத்தி தோட்டுல விழுந்துட்டா" என்று சொல்லியிருக்கிறார். மேற்படியாருக்கு 'தோடு' மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. ஒரு ஜோடி தங்கத் தோடு தண்ணீரில் விழுந்து காணாமல் போனதாக மூன்று பக்கம் புகார் எழுதி அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் மலையேறி வந்து, தோட்டின் எடை என்ன, கல் வைத்ததா என்று விசாரித்தாராம்.

இரண்டாவது மனுவுக்கும் மூன்றாவதுக்கும் பதில் இல்லை. நான்காவது மட்டும் திரும்பி வந்தது. ஓரத்தில் யாரோ ஓர் அதிகாரி சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'மனுதாரர் கோருவது யாது?'

அந்தத் தாளைத்தான் செல்லத்தாயி அக்கா மேசைமேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

"அண்ணே, நான் என்ன கேட்டேன்?"

"பாலம் கேட்ட."

"நீங்க என்ன எழுதுனீங்க?"

"பாலந்தான் எழுதுனேன்."

"எம் மக பன்னெண்டாப்பு படிச்சவ. மூணு தடவ தேடிட்டா. மழ வருது, கருண வருது, பணிவு வருது. பாலத்தக் காணோம்ணே."

மேற்படியாரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இருபது வருஷத்தில் அவர் மனு நிராகரிக்கப்பட்டிருக்கிறது, தொலைந்திருக்கிறது, ஒருமுறை ஆடு தின்றிருக்கிறது. 'என்னய்யா கேக்குற?' என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

உள்ளே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த காதர் பாய் தலையை நீட்டினார். "எதுக்குங்க சண்ட? மேல டீச்சரு ரெண்டு நாளா வார்த்தைய எண்ணுற சோலிதான் பண்ணிட்டு இருக்காங்க. ஜன்னல் வழியா கேட்டுக்கிட்டே இருக்கு. குடுத்தா எண்ணிச் சொல்லிட்டுப் போறாங்க."

அவர் சொன்னது உண்மை. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அந்த வாரம் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது, ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் புரோகிராம். எட்டு வரிதான்.

"குடுங்கண்ணே, அஞ்சு நிமிஷத்துல பாத்துருவோம்" என்று கை நீட்டினேன்.

அவர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். "அதெப்படி டீச்சர்? நான் எழுதுனத நான்தான் எண்ணணும். அடுத்த ஆளு எண்ணுனா நாளைக்கு மேல்முறையீட்டுல நிக்காது."

அன்று சாயந்திரம் ஆறு மணி வகுப்பில், பதினோரு கல்லூரிப் பிள்ளைகளுக்கு முன்னால், முதல் வரிசையில் நாற்காலியில் துண்டு விரித்து மேற்படியார் உட்கார்ந்திருந்தார்.

டைப்ரைட்டரில் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தையும் கீழ்த்தளம் வரை அடித்து இறக்குவார். கீபோர்டு மேசையில் ஒவ்வோர் அங்குலமாக நகர்ந்து, வரி முடியும்போது பக்கத்துப் பிள்ளையின் மடிக்குப் போய்விடும். வரி முடிந்ததும் டைப்ரைட்டர் உருளையைத் தள்ளுகிற நினைப்பில் மானிட்டரின் ஓரத்தைப் பிடித்து இடமிருந்து வலமாக ஒரு தள்ளு வேறு. இரண்டாம் நாளே மானிட்டரைச் சணல் போட்டு மேசையோடு கட்டினேன்.

முதல் புரோகிராமை 'ஐயா' என்று ஆரம்பித்தார். அடுத்த வரியில் 'பணிவுடன் கேட்டுக்கொள்வது யாதெனில்'. திரை சிவப்பாகத் தப்பு காட்டியது.

"டீச்சர், காரணம் சொல்லாம நிராகரிச்சா எப்பிடி?"

"காரணம் சொல்லியிருக்குண்ணே. எந்த வரியில தப்புன்னு கூடப் போட்டிருக்கு பாருங்க."

குனிந்து பார்த்தார். "அட, வரி நம்பரோட போட்டிருக்கே! நாகரிகமான மெஷினா இருக்கும்போல."

அதற்குப் பிறகுதான் அவருக்கும் பைத்தானுக்கும் காதல் உண்டானது. சில வரிகளை நான்கு இடம் உள்ளே தள்ளி எழுத வேண்டும் என்றேன். பிள்ளைகள் எல்லோரும் மறந்து மறந்து தப்பு வாங்கினார்கள். மேற்படியார் ஒருமுறைகூடத் தவறவில்லை. "ஐயா போட்டுட்டு அடுத்த வரிய இப்பிடித்தான டீச்சர் தள்ளி ஆரம்பிப்போம்?" என்றார். பிறகு ஏதோ சந்தேகம் வந்தவராகத் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"டீச்சர், எந்த வரி முடிஞ்சாலும் முற்றுப்புள்ளி வக்கிறதில்லையா?"

"இல்லண்ணே. இதுல அது தேவையில்ல."

எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "இது நம்ம ஆளு" என்றார்.

எண்ணும் முறையை விளக்குவதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. ஏலக்காய் ஊர் அல்லவா? "கலந்து கெடக்கிற காயை ரகம் பிரிக்கிற மாதிரிண்ணே. வாக்கியத்த இடைவெளி பாத்து வெட்டணும். ஒவ்வொரு சொல்லா கையில எடுக்கணும். அந்தப் பேருல டப்பா இருக்கான்னு பாக்கணும். இருந்தா ஒண்ணு கூட்டணும், இல்லன்னா புது டப்பா வைக்கணும்." ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். இளவட்டங்கள் இரண்டு நாள் விழித்த இடம் அது.

வகுப்புக்கு நான் கொடுத்த பயிற்சி: 'ஏதாவது ஒரு வாக்கியம் கொடுத்து எண்ணிப் பாருங்கள்.' பிள்ளைகள் 'இன்று மழை வந்தது, நேற்றும் மழை வந்தது' என்று கொடுத்து, மழை இரண்டு என்று வந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மேற்படியார் தன் மனுவை அடிக்க ஆரம்பித்தார். முடிக்க மூன்று நாள் ஆனது.

"ஒரு வாக்கியந்தான அண்ணே கேட்டேன்?"

"இதுவும் ஒண்ணுதான் டீச்சர். புள்ளி எங்கயாச்சும் இருக்கான்னு நீங்களே பாருங்க."

இல்லைதான்.

நாலாம் நாள் சாயந்திரம் அதை ஓட்டிப் பார்க்க வகுப்பே அவர் பின்னால் கூடிவிட்டது. காதர் பாய் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு மேலே வந்திருந்தார். தகவல் போய், செல்லத்தாயி அக்காவும் வாசலில் நின்றிருந்தார். மேற்படியார் விரலை ஓங்கி ஒரு அடி அடித்தார். திரையில் சொற்கள் மடமடவென்று கொட்டின.

'மேற்படி' முப்பத்தெட்டு. கொஞ்சம் கீழே, கால்புள்ளி ஒட்டிய 'மேற்படி' மூன்று.

"இதென்ன அக்கிரமம்?" என்று குதித்தார். "ஒரே ஆளு தோள்ல துண்டு போட்டுட்டு வந்தா வேற ஆளாயிருவானா?"

"அதுக்கு அப்பிடித்தாண்ணே தெரியும்." சொல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் குறிகளை உதிர்த்துவிட ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். மறுபடி ஓட்டினார். மேற்படி நாற்பத்தொன்று. பணிவுடன் பதினான்கு. கருணைகூர்ந்து ஒன்பது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மேற்படியாரும் பெருமையாகத்தான் சிரித்தார்.

"பாலம் எத்தனண்ணே?" என்று வாசலிலிருந்து கேட்டார் செல்லத்தாயி அக்கா.

'பாலம்' என்ற டப்பாவை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லி அவரே வரியை அடித்தார். சிவப்பாகத் தப்பு வந்தது.

"என்ன சொல்லுது டீச்சர்?"

"அந்தப் பேருல டப்பாவே இல்லன்னு சொல்லுதுண்ணே."

விடவில்லை அவர். தாளை எடுத்து விரலை வைத்துத் தேடினார். மூன்றாம் பக்கத்தில் கிடைத்துவிட்டது. "இந்தா இருக்கு! பாத்தீங்களா? 'பாலத்தினையொத்த ஓர் அமைப்பினை'! மெஷினுக்குத் தமிழ் தெரியல!"

செல்லத்தாயி அக்கா அந்த வார்த்தையை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "ஒத்தன்னா என்னண்ணே?"

"அது... மாதிரின்னு அர்த்தம்."

"அப்ப பாலங்கூடக் கேக்கலயா? பாலம் மாதிரி ஒண்ணுதான் கேட்டிருக்கமா?"

மேற்படியார் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

மூன்று நாள் மேசை காலியாகக் கிடந்தது. காதர் பாயே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். "டீச்சர், அந்த டகடக சத்தம் இல்லாம எனக்கு ஜெராக்ஸ் மெஷினு ஓடுற மாதிரியே இல்ல" என்றார். நானும் எட்டு வரி புரோகிராமால் ஒரு மனிதரை முடக்கிவிட்டோமே என்று உறுத்தலோடு இருந்தேன்.

நாலாம் நாள் ஒரு சாக்குமூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அத்தனையும் பழைய மனுக்களின் நகல்கள். "எல்லாத்தையும் எண்ணிப் பாத்துரணும் டீச்சர். நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு தெரியணும்" என்றார். சாயந்திரம் சாயந்திரமாக உட்கார்ந்து பதினைந்து மனுக்களை அடித்து எண்ணினார். சேவல் மனுவில் சேவல் ஒரு முறை, பணிவு பன்னிரண்டு முறை. வாரிசு மனுவில் இறந்தவர் பெயர் வரவே இல்லை, வெறும் 'மேற்படியார்' மட்டும் முப்பது. ஊரில் யார் படித்திருந்தாலும் இவர்தான் செத்தார் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. மொத்தம் இரண்டே வரி. 'எங்கள் தெருக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை. தண்ணீர் வர வேண்டும்.' தண்ணீர் இரண்டு. மேற்படி பூஜ்யம். மனு போட்ட மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தது.

"இது யாருண்ணே எழுதுனது?"

"அப்ப எனக்குக் கை ஒடஞ்சிருந்துச்சு டீச்சர்."

"அது சரிண்ணே, எழுதுனது யாரு?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "மேற்படியாள்."

பேச்சியம்மா அக்காதான்.

அதோடு திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு மேற்படியாரைத் தெரியாது. அவருக்கு எண்ணும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கேட்பதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டு வந்து அடித்து எண்ணுவார். ஒரு கல்யாணத்தில் மாமன் ஒருவர் பேசிய வாழ்த்துரையில் 'நான்' இருபத்தேழு, 'மணமக்கள்' ஒன்று என்று அங்கேயே விரல்விட்டு எண்ணிப் பந்தியிலேயே அறிவித்து, பாயசம் வருமுன்னே எழுப்பிவிடப்பட்டார். எங்கள் சென்டர் முதலாளியின் ஆண்டுவிழாப் பேச்சில் 'வளர்ச்சி' பத்தொன்பது, 'ஏசி' பூஜ்யம் என்று எண்ணிச் சுவரில் ஒட்டினார். பிள்ளைகள் இரண்டு வருஷமாக ஏசி கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆளு இன்னும் எத்தன நாளைக்கு இங்க படிப்பாரு?" என்று கேட்டார்.

எனக்கும் கிடைத்தது. ஒருநாள் வகுப்பு முடிந்து ஒரு சீட்டை நீட்டினார். ஒரு மணி நேரத்தில் நான் 'புரியுதா?' என்று அறுபத்துமூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

"அக்கறையாத்தான கேக்குறேன்?" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"கேக்குறீங்க டீச்சர். புள்ளைக பதில் சொல்ல நீங்க நிறுத்துனது ரெண்டே தடவ."

இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

ஐப்பசி நெருங்கியது. செல்லத்தாயி அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை சண்டை போடவில்லை.

"அண்ணே, போன மழையில ஒரு புள்ளத்தாச்சியக் கம்பளியில தூக்கிட்டு வந்தோம். தோட்டுல வெள்ளம். அரை நாளு கரையிலயே கெடந்து, அங்கனயே புள்ள பொறந்துச்சு. நல்லபடியாப் பொறந்துச்சு, இப்பத் தவழுது. எல்லாருக்கும் அப்பிடியே அமையுமாண்ணே?"

மேற்படியார் டைப்ரைட்டரில் தாளைச் சொருகினார். விரலைத் தூக்கினார். விரல் அப்படியே நின்றது. பிறகு தாளை உருவி எடுத்துவிட்டு, "அந்த எடத்த நான் பாத்ததே இல்ல தாயி" என்றார்.

நான்கு மனு எழுதியவர் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. காரணம் அவருக்கு மலை ரோடு ஆகாது. தேனிக்குப் போகும் பஸ்ஸிலேயே ஜன்னலோரம் கேட்கிறவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, குரங்கணியிலிருந்து மேலே ஏறும் ஜீப்பின் முன்சீட்டில் அவரும் நானும். பின்னால் உர மூட்டை லோடும், அதன்மேல் செல்லத்தாயி அக்காவோடு சேர்த்து எட்டுப் பெண்களும். மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, "மேற்படி ரோடானது எவ்வளவு தூரத்துக்கு மேற்படி நிலையில..." என்று ஆரம்பித்தார். முதல் வளைவில் வாக்கியம் பாதியில் நின்றது. மூன்றாவது வளைவில் 'மேற்படி' நின்றது. எட்டாவது வளைவில் அவர் வாயிலிருந்து வந்தது "ஆத்தா" மட்டும்தான். பின்னாலிருந்த பெண்கள் அவருக்காக ஜீப்பை மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஓடையின் குறுக்கே இரண்டு மரங்களை வெட்டிப் போட்டுக் கட்டியிருந்தார்கள். பாசி பிடித்து வழுவழுவென்று கிடந்தது. கீழே தண்ணீர் இரைச்சலோடு ஓடியது. செல்லத்தாயி அக்கா தலையில் அரிசிப் பையோடு, வீட்டுக்குள் அடுப்படிக்குப் போகிறவர் மாதிரி போய்விட்டார். நான் கண்ணை மூடாத குறையாகக் கடந்தேன். மேற்படியார் வேட்டியைத் தார்ப்பாய்ச்சாகக் கட்டிக்கொண்டு மரத்தின்மேல் குதிரையேறுவதுபோல உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து வந்தார்.

"கீழ பாக்காதீங்கண்ணே!" என்று அக்கா கத்தினார்.

சரியாகப் பாதியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. கீழே பார்த்தார். அது சுழன்றுகொண்டே போவதைப் பார்த்து, "ஏய், நில்லு!" என்று கையை நீட்டினார். அடுத்த நொடி அவரும் தண்ணீரில். இடுப்பளவுதான். ஆனாலும் இழுத்த இழுப்பில் பத்தடி போய்விட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் இறங்கி, அவர் துண்டின் இரண்டு முனையையும் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள்.

நடுங்கிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தவருக்கு அக்கா பால் இல்லாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்து முடித்தார். பிறகு என்னிடம் நோட்டும் பேனாவும் வாங்கினார்.

"சொல்லு தாயி. உனக்கு என்ன வேணும்?"

அக்கா சொன்னார். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு எழுதினார். ஈரக் கையால் எழுதிய அந்தத் தாளை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

'எங்கள் முப்பது வீட்டுக்கும் ஜீப் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. மழைக்காலத்தில் கடக்க முடியாது. போன வருஷம் கரையிலேயே ஒரு குழந்தை பிறந்தது. எங்களுக்குப் பாலம் வேண்டும்.'

நான்கு முற்றுப்புள்ளி. ஒவ்வொன்றையும் வைக்கும்போது பல் பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். நான்காவதை வைத்துவிட்டு அக்காவைக் கெஞ்சினார். "ஒரே ஒரு 'பணிவுடன்' மட்டும் போட்டுக்கிறேனே தாயி?"

"எதுக்குண்ணே? நாம என்ன தப்புப் பண்ணுனோம்?"

பேனாவை மூடிவிட்டார்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மூவருமாகப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளை வாங்கி, நின்றபடியே படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்த எடம்மா இது?"

மேற்படியார் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார். செல்லத்தாயி அக்கா அவர் காலை ஓங்கி மிதித்துவிட்டு, "குரங்கணிக்கு மேலங்கய்யா. வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

உடனே பாலம் வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த மழைக்காலமும் அந்த இரண்டு மரத்தின்மேலேயே போயிற்று. ஓர் ஆள் வந்து அளந்தார், இன்னோர் ஆள் வந்து அளந்தது தப்பென்றார். அக்கா இரண்டு தடவை நேரில் போய்க் கேட்டார். அடுத்த கோடையில் ஒருவழியாக இரும்பு நடைபாலம் துண்டு துண்டாக ஜீப்பில் ஏறி மலைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சற்று ஒதுங்க வேண்டும், அவ்வளவு அகலம்தான். ஆனால் இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது.

ஊர்க்காரர்களே தேங்காய் உடைத்துத் திறந்தார்கள். மேற்படியாரைப் பேசச் சொன்னார்கள். அது தப்பு. "மேற்படி ஓடையின் குறுக்கே மேற்படி பாலமானது அமையப்பெற்ற இந்நன்னாளில், மேற்படி பாலத்தினை..." என்று பிடித்தவர் இருபத்தைந்து நிமிஷம் விடவில்லை. கூட்டம் ஒவ்வொருவராக நழுவிச் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டது. பேச்சியம்மா அக்கா முதல் ஆளாகப் போனார். கடைசியில் எதிரே நின்றது நானும் ஒரு கன்றுக்குட்டியும்தான்.

சாப்பாடெல்லாம் முடிந்து, எல்லோரும் கிளம்பி ஜீப் ரோட்டுக்கு வந்தோம். பேச்சியம்மா அக்கா, காதர் பாய் எல்லோரும் ஏறியாயிற்று. மேற்படியாரை மட்டும் காணோம். திரும்பிப் பார்த்தேன். பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கரை வரை நடப்பார், திரும்பி நடுவுக்கு வருவார், கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார், குனிந்து தண்ணீரைப் பார்ப்பார். மறுபடி அந்தக் கரைக்கு நடப்பார். தலைச்சுமையோடு யாராவது வந்தால் ஒதுங்கி நின்று, அவர்கள் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

ஜீப்புக்காரர் மூன்றாவது தடவையும் ஹாரன் அடித்தார். "கூப்பிடுங்க டீச்சர், வெரசா கெளம்பணும்" என்றார்.

"நீங்க போங்கண்ணே. நாங்க அடுத்த ஜீப்புல வர்றோம்" என்றேன்.

அன்றைக்கு அடுத்த ஜீப் கிடையாது என்பது எனக்கும் தெரியும், ஜீப்புக்காரருக்கும் தெரியும்.